முப்பத்தைந்து அங்குலப் பொய்

டன்னிங் ஃப்ளாட்டில் ஒரு மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதை அவனுடைய பிக்கப் வண்டியின் உயரத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்பது டூலி பிராட்டின் கட்சி. அன்று காலை கஃபேயின் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, வெளியே நின்ற வண்டிகளை அவன் ஒவ்வொன்றாக மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தச் சிவப்பு வண்டியப் பாருங்க அம்மணி. ஏறுறதுக்கே ஏணி வேணும். பின்னாடி என்ன ஏத்துறான்? ஒரு பை நாய்த் தீவனம். பக்கத்துல கறுப்பு. டயருக்கு எண்ணெய் போட்டு மினுக்கியிருக்கான், பெத்த பிள்ளைக்குக்கூட அப்படித் தேய்ச்சிருக்க மாட்டான். அந்தா, மண்ணு அப்பிக்கிட்டு, மணல் மூட்டைய முதுகுல வெச்சுக்கிட்டு, நாய் குந்துன மாதிரி நிக்குதே, நோலனோட வண்டி? அது ஒண்ணுதான் இந்த ஊர்ல உழைக்கிற வண்டி."

இங்க்ரிட் ஹால்வர்சன் பதில் சொல்லவில்லை. ஆறிப்போன காபியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயோமிங் மாநிலத்துக்காக மாடுகளின் சூட்டுக்குறிகளைச் சோதிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு துப்பறியும் உரிமம் வாங்கியவள் அவள். பழைய குறியின் மேல் புதுக்குறி சுட்டிருந்தால் தோலைத் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். பேசாமல் இருப்பதும் அந்த வேலை தந்த பழக்கம்தான். மாடு பேசாது. மாட்டுத் திருடனால் பேசாமல் இருக்க முடியாது. எதிரே நிற்பவன் வாய் திறக்கும்வரை வேலியில் சாய்ந்து காத்திருப்பதே பாதித் தொழில்.

அந்த மௌனங்களை இட்டு நிரப்ப டூலி இருந்தான். ரோடியோ என்னும் காளைச் சவாரிப் போட்டிகளில் கோமாளி வேடம் போட்டவன். ஒரு காளை அவன் இடுப்பை உடைத்த பிறகு இவளிடம் வந்து சேர்ந்தான்.

"நம்ம ஆளு வர்றான்," என்றான் டூலி.

வெள்ளை நிற பிக்கப் ஒன்று உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்தது. வாசலருகே இடம் காலியாக இருந்தும் அது நிற்கவில்லை. வண்டி நிறுத்தும் மைதானத்தின் கோடிக்குப் போய், இரண்டு வண்டி நிற்கும் இடத்தைக் குறுக்காக அடைத்துக்கொண்டு நின்றது. அதிலிருந்து குதித்து இறங்கினான் பிரைஸ் கெல்லம். பயிர்க் காப்பீடு விற்பவன். மாலைக்குள் கைதாவான் என்று ஊரே எதிர்பார்ப்பவன். இவர்களுடைய கட்சிக்காரன்.

வழக்கு இது: இரண்டு நாள் முன்பு கானி பெக்வித் என்ற பெண், பெரிய வாய்க்கால் கரையில், இருட்டத் தொடங்கிய நேரத்தில் தன் நாலு சக்கர பைக்கில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போயிருக்கிறாள். ஏதோ ஒரு பிக்கப் அவளை அடித்து வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டு, சற்றுத் தள்ளியிருந்த தலைமதகுத் திடலில் திரும்பி, வந்த வழியே ஓடிவிட்டது. இடுப்பெலும்பு நொறுங்கி, கழுத்தளவு தண்ணீரில் ஒரு வேர்க்கட்டையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவளை வெகுநேரம் கழித்து அவள் கணவன் கண்டுபிடித்தான். இனி நடப்பாளா என்பதை மருத்துவர்கள் சொல்ல மறுக்கிறார்கள்.

ஷெரிஃப் மெர்ல் டாக்கெட்டிடம் மூன்று விஷயங்கள் இருந்தன. முதலாவது கானி சொன்னது: அடித்த வண்டியின் ஹெட்லைட் வெளிச்சம் காட்டன்வுட் மரங்களின் உச்சியில் அடித்தது. உயரத்தில் வெளிச்சம் என்றால் உயரமான வண்டி. இரண்டாவது, சேற்றில் பதிந்த டயர்ச் சுவடு. அகலமும் பூவேலையும் பிரைஸின் டயரோடு அச்சாகப் பொருந்தின. மூன்றாவது, பிரைஸின் வண்டியில் முன் மட்கார்டுக்குள் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் புதிதாகக் கிழிந்திருந்தது. சம்பவ நேரத்தில் அவன் வீட்டில் தனியாக இருந்தானாம். அதை நம்ப ஊரில் ஒருவரும் இல்லை. நம்ப விரும்பவும் இல்லை.

பிரைஸ் உள்ளே வந்ததும் கவுன்டரில் இருந்து ஒரு குரல் எழுந்தது.

"தம்பி, ஜெயில் வாசல்ல உயரம் கம்மி. டயர்ல காத்த எறக்கிட்டுப் போ."

கஃபே சிரித்தது. சொன்னவர் நோலன் ஃபைஃப். வாய்க்காலில் மதகு மதகாகப் போய் அவரவர் பங்குத் தண்ணீரைத் திறந்துவிடும் மடைக்காரர். வெயிலில் காய்ந்த முகம், ஓட்டைக் கையுறை, இடுப்பில் சாவிக்கொத்து. இந்த ஊர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ள விரும்புகிறதோ, அதற்கு உருவம் கொடுத்தால் நோலன் மாதிரித்தான் இருக்கும்.

பிரைஸ் காதில் விழாதவன் போல வந்து உட்கார்ந்தான். வெட்டிவேலைக்காரனின் வழவழப்பான கைகள். இங்க்ரிட்டுக்கு அவனைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. பிடிக்காதவனுக்காக உழைப்பது அவளுக்குப் புதிதும் இல்லை.

"அந்த பிளாஸ்டிக் எப்படிக் கிழிஞ்சுது?" என்று கேட்டாள்.

"கல்லு தெறிச்சிருக்கும்."

"ரெண்டு பக்கமும், ஒரே எடத்துலயா?"

"ரெண்டு கல்லு தெறிச்சிருக்கும்."

"டயர் மட்கார்டுல உரசுதா?"

கஃபேயில் கரண்டிச் சத்தம் நின்றது. அந்த ஊரில் பெரிய டயர் மாட்டியவனை யார் சந்தித்தாலும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். இல்லை என்பதைத் தவிர வேறு பதிலை இதுவரை யாரும் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர் அரைபடும் சத்தத்தைக் காதால் கேட்டவன்கூட, தன் முறை வரும்போது அதே பதிலைத்தான் சொல்வான்.

"முப்பத்தஞ்சு அங்குல டயர், முன்பக்கத்தத் தூக்க ரெண்டு அங்குல லெவலிங் கிட்," என்றான் பிரைஸ், கவுன்டர்வரை கேட்கும் குரலில். "ஸ்டீயரிங்க எந்தப் பக்கம் முழுசா ஒடிச்சாலும் உரசாது. ஒரு மயிரிழை கூட."

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் இங்க்ரிட்.

அவன் கிளம்பிப் போனபோது அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெள்ளை பிக்கப் திரும்பவில்லை. நேராக முன்னால் போய், நடைபாதை விளிம்பின் மேல் ஏறி இறங்கி, பாங்க் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தது.

"பெரிய மனுஷன்," என்றான் டூலி. "நம்மள மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு போவானா?"

இங்க்ரிட் எழுந்தாள். "கவுன்டர்ல பில் குடுக்கும்போது நீ வழக்கம்போல சத்தமாப் பேசணும்."

"என்ன பேசணும்?"

"சாயங்காலம் தலைமதகுல, ஷெரிஃப் முன்னாடி, பிரைஸ் தன் வண்டியத் திருப்பிக் காட்டப் போறான்னு."

"அப்படியா? அவனுக்குத் தெரியுமா?"

"ஊர் சொல்லி அவனுக்குத் தெரியட்டும். அப்பத்தான் வராம இருக்க முடியாது."

*

டயர்க்கடை லைல் ஓடம் நல்லவன். அதாவது, வாடிக்கையாளர்களின் முட்டாள்தனத்தை வெளியே சொல்லாதவன். கடை நிறைய ரப்பர் வாசனை. சுவரில், பள்ளத்தாக்குகளையும் பாறைகளையும் தாண்டிப் பறக்கும் பிக்கப்களின் படங்கள். அவற்றை வாங்கியவர்கள் தாண்டிய மிகப் பெரிய பள்ளம் பல்பொருள் அங்காடியின் வாசல்தான்.

"பிரைஸுக்கு நீதானே மாட்டுன?" என்று கேட்டாள் இங்க்ரிட்.

"மொதல்ல முப்பத்திமூணுதான் மாட்டுனேன் அக்கா. ரெண்டு அங்குல கிட்டுக்கு அதுதான் சரி. சத்தமில்லாம ஓடும். ஒரே வாரத்துல திரும்பி வந்துட்டாரு. முப்பத்தஞ்சு போடுங்கறாரு."

"ஏன், முப்பத்திமூணு செத்துப்போச்சா?" என்றான் டூலி.

"கஃபேல யாரோ கேட்டாங்களாம், இதென்ன குழந்த வண்டிச் சக்கரமான்னு. மனுஷன் தூங்கல போல."

"யாரு கேட்டாங்க?"

"அந்த வாய் வேற யாருக்கு? நோலன்தான்."

டூலி சிரித்தான். இங்க்ரிட் சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த ஒரு லெவலிங் கிட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முன்சக்கரத்து ஸ்பிரிங்கின் தலையில் உட்காரும் இரண்டு இரும்பு வட்டு. அவ்வளவுதான்.

"இதுக்கா இவ்வளவு?" என்றான் டூலி.

"கம்பெனிக்காரன் முட்டாள் இல்ல," என்றான் லைல். "முன்மூக்கத் தாழ்த்தித்தான் வண்டி செய்வான். பின்னாடி பாரம் ஏத்துனா பின்பக்கம் எறங்கி வண்டி சமமாகணும், அதான் கணக்கு. பாரமே ஏத்தாதவனுக்கு அந்தத் தாழ்ந்த மூக்கு கௌரவக் குறைச்சல். வந்து தூக்கிக்கிறான்."

"கழட்டுன முப்பத்திமூணு எங்க?"

லைல் கையைத் துடைத்துக்கொண்டான். துடைக்க ஒன்றும் இல்லை.

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

"சொல்லமாட்டேன்னு கை குலுக்கியிருக்கேன் அக்கா."

இங்க்ரிட் காத்திருந்தாள். சுவரில் இருந்த ஃபேன் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்த் திரும்பியது. டூலிகூட வாயை மூடிக்கொண்டிருந்தான். லைலால் தாங்க முடியவில்லை.

"பேரு சொல்லமாட்டேன். ஆனா கிட்டும் சேத்து மாட்டும்போது அவர்கிட்டயும் சொன்னேன், ஹெட்லைட்ட எறக்கி வெக்கணும், ஒரு நிமிஷ வேலைன்னு. அவசரம்னு போயிட்டாரு. யாரும் பாத்துடக் கூடாதுன்னு அவசரம்."

"போதும்," என்றாள் இங்க்ரிட்.

வெளியே வந்ததும் டூலி பொரிந்து தள்ளினான். "பேரு சொல்லாம எப்படிப் போதும்? இன்னும் கொஞ்சநேரம் நீங்க பேசாம நின்னிருந்தா அவன் சின்ன வயசுல திருடுன மிட்டாய வரைக்கும் சொல்லியிருப்பான்."

"கை குலுக்கிட்டான். அத ஒடைக்க வேண்டாம்."

அதன் பிறகு அவள் வாய்க்கால் கரைக்குப் போய், டூலியை வண்டியில் விட்டுவிட்டு, தலை குனிந்தபடி கரையோரமாக வெகுதூரம் தனியாக நடந்தாள். திரும்பி வந்தவளிடம் என்ன பார்த்தாள் என்று அவன் கேட்டான். அவள் பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

*

தலைமதகுத் திடல் சிறியது. ஒரு பக்கம் மதகின் கான்கிரீட் சுவர், மறுபக்கம் வாய்க்கால். வந்த வண்டி திரும்பிப் போக அதைவிட்டால் இடமில்லை. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஷெரிஃப் டாக்கெட் சுவட்டை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கினார். இன்னும் ஈரம் காயாத சேற்றில் அந்த இரவின் சுவடு, சுவரோரம் தொடங்கி வாய்க்கால் விளிம்பை ஒட்டி, ஒரே வில்லாக வளைந்து கிடந்தது. எங்கேயும் ரிவர்ஸ் எடுத்த அடையாளம் இல்லை.

"பதட்டத்துலயும் ஒரே திருப்பல்ல திருப்பியிருக்கான்," என்றார் ஷெரிஃப். "இன்னும் என்ன பாக்கணும் இங்க்ரிட்? எனக்குச் சாப்பாட்டு நேரம்."

கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். ஒரு பெண் நொறுங்கிய இடத்துக்கு, கையில் குளிர்பானத்தோடு வந்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், தன் வண்டியின் கதவில் சாய்ந்துகொண்டு நோலன் ஃபைஃப்.

"பிரைஸ், வண்டியத் திருப்பு," என்றாள் இங்க்ரிட்.

பிரைஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணாடி இறங்கியிருந்தது. அவன் தாழ்ந்த குரலில் அவளிடம் மட்டும் பேசினான்.

"வேண்டாம் மேடம். வேற வழியப் பாருங்க."

"திருப்ப முடியாதா?"

"முடியும்."

"முடிஞ்சா நீ குத்தவாளி. முடியாட்டி வீட்டுக்குப் போலாம். எது வேணும்?"

அவன் கூட்டத்தைப் பார்த்தான். சிறையைப் பற்றி அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. அவன் கண்கள் ஒவ்வொரு முகமாகப் போய், நோலனின் முகத்தில் நின்றன. ஆறு வருடமோ எட்டு வருடமோ உள்ளே கிடக்கலாம், ஆனால் இது கூடாது என்று ஒரு வளர்ந்த மனிதன் கணக்குப் போடுவதை இங்க்ரிட் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தாள். மனிதர்களைப் பற்றி அவளுக்கு உயர்ந்த அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை. இருந்தாலும் இது அவளுக்கே கொஞ்சம் அதிகமாகப்பட்டது.

"திருப்புடா தம்பி!" என்று நோலன் கத்தினார். "உரசாதுன்னியே!"

அந்தக் குரல்தான் வேலை செய்தது. பிரைஸ் கியரைப் போட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தான்.

பாதி ஒடிக்கும் முன்பே சத்தம் வந்தது. பலகையில் ரம்பம் இழுப்பது போல. டயர் மட்கார்டுக்குள் போய்க் கடித்தது. கறுப்பு பிளாஸ்டிக் ஒரு முழம் கிழிந்து நாக்குப் போலத் தொங்கியது. அதற்கு மேல் சக்கரம் திரும்ப மறுத்துவிட்டது. வண்டி வில்லாக வளையவில்லை. பிடிவாதக்காரன் போல நேராகப் போய், ஒரு முன்சக்கரத்தை வாய்க்கால் விளிம்புக்கு வெளியே அந்தரத்தில் விட்டுவிட்டு, வயிறு தட்டி நின்றது.

கரை முழுவதும் சிரிப்பு வெடித்தது.

டூலி மட்டும் சிரிக்காமல் ஷெரிஃபிடம் சொன்னான்: "அய்யா, உங்க மூணாவது சாட்சி இப்பத்தான் திரும்பவும் கிழிஞ்சுது."

ஷெரிஃப் சுவட்டைக் காட்டினார். "டயர் அவனோடதுதானே? சுவடு பொருந்துதே!"

"சுவட்டுல அகலம் தெரியும், உயரம் தெரியாது," என்றாள் இங்க்ரிட். "அகலமும் பூவும் ஒண்ணு. ஆனா இங்க திரும்புனது முப்பத்திமூணு. அது எந்த வண்டியில இருந்தாலும் உரசாது, அழகாத் திரும்பும்." அவள் சாதாரணமாகக் கரைப்பக்கம் பார்த்தாள். "இல்லையா நோலன்? ஒருவேள ஓட்டத் தெரியாததுதான் காரணமோ? இந்த எடத்துல ஒரே திருப்பல்ல திருப்ப யாராலயும் முடியாதுன்னு தோணுது."

"யாராலயுமா?" நோலன் எச்சிலைத் துப்பினார். இளம் வயதிலிருந்து அந்தக் கரையில் வண்டி ஓட்டுகிறவர். கூட்டம் முழுக்க அவரைப் பார்த்தது. "வழி விடுங்க. எப்படின்னு அந்தப் பயலுக்குக் காட்டுறேன்."

அவர் மண் அப்பிய வண்டியில் ஏறினார். மணல் மூட்டைகளோடு அது சுவரோரம் வந்து, ஒரு கையால் சுழற்றிய ஸ்டீயரிங்கில், ஒரே வீச்சில், சுழன்று நின்றது. சிலர் கைதட்டினார்கள். நோலன் ஜன்னலில் முழங்கையை வைத்துச் சிரித்தார்.

இங்க்ரிட் தரையைக் காட்டினாள்.

பழைய சுவடும் புதிய சுவடும் ஒன்றோடொன்று ஒட்டி, நுகத்தில் பூட்டிய இரட்டை மாடு போல, ஒரே வளைவில் கிடந்தன. அதே அகலம். அதே பூ.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

"மத்தியானம் கரையில நடந்து பாத்தேன் ஷெரிஃப்," என்றாள் அவள். "இதே சுவடு கரை முழுக்கப் போகுது. ஒவ்வொரு மதகுகிட்டயும் நின்னு நின்னு போகுது. ஜாலியா சுத்துறவன் மதகுக்கு மதகு நிப்பானா?"

நோலனின் முழங்கை ஜன்னலிலிருந்து உள்ளே போனது.

"நோலன், ஹெட்லைட்டப் போடுங்க."

"எதுக்கு?"

"போடச் சொன்னேன்," என்றார் ஷெரிஃப். அதை அவர் சொல்லவில்லைதான், ஆனாலும் நேரம் பார்த்துச் சேர்ந்துகொண்டார்.

விளக்கு எரிந்தது. மங்கிக்கொண்டிருந்த கரைப்பாதையில் ஒரு கூழாங்கல்கூடத் துலங்கவில்லை. வெளிச்சம் எல்லோருடைய தலைக்கும் மேலே போய், காட்டன்வுட் மரங்களின் உச்சி இலைகளை வெள்ளை வெளேரென்று ஆக்கியது.

"உயரமான வண்டி இல்ல," என்றாள் இங்க்ரிட். "மூக்கத் தூக்குன வண்டி. முன்னாடி கிட்டப் போட்டுத் தூக்கியாச்சு. பின்னாடி மணல் மூட்டை அழுத்துது. பிரைஸ் வண்டியால இது முடியாது, அவன் ஜென்மத்துல பாரம் ஏத்துனதில்ல. கானி மேல வெளிச்சம் விழல. தூரத்து மலைரோட்டுல யாரோ போறாங்கன்னு அவ நினைச்சிருக்கா. உங்களுக்கும் அவ தெரிஞ்சிருக்க மாட்டா."

"தெரியல," என்றார் நோலன். அந்தக் குரலில் கஃபேயின் கேலி இல்லை. "சத்தியமாத் தெரியல. வெளிச்சம் மேல போச்சு... அடிச்ச பிறகுதான்..."

"எறங்கிப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"எறங்குனா வண்டியப் பாப்பாங்க. டயரு யாருதுன்னு கேப்பாங்க. அவன் கழட்டிப்போட்டத நான் பொறுக்கி மாட்டியிருக்கேன்னு..." அவர் பிரைஸைப் பார்க்காமல் சொன்னார். "மண்ணப் பூசி வெச்சேன். கொஞ்சம் உயரமா நின்னா நல்லாருக்கும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

தண்ணீரில் வேரைப் பிடித்துக்கொண்டு கிடந்த கானியை இங்க்ரிட் நினைத்தாள். கூப்பிடு தூரத்தில் வண்டி திரும்பும் சத்தத்தை அவள் கேட்டிருப்பாள். உதவிக்குத்தான் திரும்புகிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

ஷெரிஃப் நோலனைத் தன் காரில் ஏற்றினார். குளிர்பானக் கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தது. நோலனின் வண்டி இனிச் சாட்சி. அதைத் தொடக் கூடாது. அந்தக் கரையில் சங்கிலி இருந்த வேறு வண்டி இங்க்ரிட்டுடையதுதான். கம்பெனி கொடுத்த ஒல்லி டயரும் தாழ்ந்த மூக்குமாக நின்ற பழைய பிக்கப். டூலி கொக்கியை மாட்டினான். அது முனகிக்கொண்டே வெள்ளை வண்டியைத் தரைக்கு இழுத்துப் போட்டது.

பிரைஸ் இறங்கி வந்தான். சிறை தப்பியவன். டூலி நன்றியுரைக்குத் தயாராகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"மேடம்," என்றான் பிரைஸ். தொங்கிய பிளாஸ்டிக்கைக் காலால் உள்ளே தள்ளினான். அது திரும்பவும் வெளியே வந்தது. "நாளைக்குக் கஃபேல யாராவது கேட்டா..."

இங்க்ரிட் காத்திருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திறந்துவிட ஆளில்லாத மதகு ஒன்று எங்கோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"...சக்கரம் சேத்துல வழுக்கிடுச்சுன்னு சொல்லுங்க. உரசலன்னு."